பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு முழுக் காலை ஒதுக்கத் தகுமா?

சைதைவாசி

அனைவருக்கும் வணக்கம். காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு கன்னியாகுமரி போகிறோம். நான், கணவர், எட்டாம் வகுப்பில் ஒரு பையன், நான்காம் வகுப்பில் ஒரு பெண், கூடவே எழுபது தாண்டிய என் அம்மா. ஞாயிறு காலை ரயிலைவிட்டு இறங்குகிறோம். அன்று விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, மாலையில் கடற்கரை. திங்கட்கிழமை ஒரு வண்டி பிடித்துப் பத்மநாபபுரம் அரண்மனை. செவ்வாய் சுசீந்திரம் பார்த்துவிட்டு மாலை ரயிலில் திரும்புவதாகத் திட்டம்.

இதில் அரண்மனைதான் வீட்டில் விவாதமாகிவிட்டது. கணவர் இணையத்தில் படங்களைப் பார்த்துவிட்டு, "ஓட்டு வீட்டைப் பார்க்க முப்பத்தைந்து கிலோமீட்டர் போக வேண்டுமா?" என்கிறார். அலுவலகத் தோழி ஒருத்தியும் உற்சாகமாகச் சொல்லவில்லை. ஒரே இருட்டு, செங்குத்தான படிகள், செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள், அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம் என்றாள். நாங்கள் இதுவரை பார்த்த அரண்மனை மைசூர் ஒன்றுதான். அங்கே இரவில் போட்ட விளக்கு அலங்காரத்தைப் பிள்ளைகள் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

எனக்கு மட்டும் போக வேண்டும் என்று இருக்கிறது. ஏன் என்று வாதாடத் தெரியவில்லை. போய் வந்தவர்கள், படத்தில் தெரியாத எதையாவது சொல்லி எனக்கு ஆதரவு தர முடியுமா? இல்லை, கணவர் சொல்வதுதான் சரியா?

வைகைக்கரையான்

கணவர் கட்சிக்கு ஒரு ஓட்டு. அரண்மனை என்றால் உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்க்க வேண்டும். எங்கள் ஊர்த் திருமலை நாயக்கர் மகாலில் அந்தத் தூண்களுக்கு நடுவில் நின்றால் மனிதன் எவ்வளவு சிறியவன் என்று தெரியும். 1636இல் கட்டியது. இன்றைக்கு நிற்பது பழைய மகாலில் ஒரு பகுதிதான், அதுவே இப்படி. பத்மநாபபுரத்தில் நான் அண்ணாந்து பார்க்கவே இல்லை, குனிந்துகொண்டேதான் நடந்தேன். எனக்குக் கொஞ்சம் உயரம் அதிகம். வாசல் நிலையில் இரண்டு இடத்தில் தலை இடித்தது. மோசம் என்று சொல்ல மாட்டேன், ராஜா வீடு என்று நம்ப முடியவில்லை. வசதியான பண்ணையார் வீடு என்றால் நம்பியிருப்பேன்.

சிறு பிள்ளைகள் என்றால் திற்பரப்பு அருவிக்கு அழைத்துப்போங்கள். குளித்துவிட்டுச் சந்தோஷமாக வருவார்கள்.

வேளிமலை அடிவாரம்

வைகைக்கரையான் அண்ணனின் தலைக்கு என் அனுதாபம். பண்ணையார் வீடு என்று அவர் சொன்னதை மட்டும் நான் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொள்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கும் தக்கலைக்காரன். அப்பாவும் தாத்தாவும் தச்சுவேலை செய்தவர்கள். நான் வங்கியில் பேனா பிடித்து ஓய்வுபெற்றவன். வெளியூர் உறவினர் யார் வந்தாலும் கொட்டாரத்துக்கு, அதாவது இந்த அரண்மனைக்கு, அழைத்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். வேண்டாம் என்றாலும் விடமாட்டோம். அதனால் அங்கே முகம் சுளித்தபடி நுழைந்து, "ராஜா எங்கே உட்காருவார், தங்கம் எங்கே?" என்று கேட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் உங்கள் மைசூர். நீங்கள் பார்த்தது 1912இல் கட்டி முடித்த மாளிகை. வரைந்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் அவர் கை இருக்கிறது. அதற்கு முன் அதே இடத்தில் நின்ற பழைய மைசூர் அரண்மனை பெரும்பாலும் மரத்தால் ஆனது. 1897இல் அரச குடும்பத்துத் திருமணத்தின்போது தீப்பிடித்து எரிந்துபோனது. மர அரண்மனைகளின் விதி பொதுவாக அதுதான். தீ, கரையான், மழை, இவற்றுக்கெல்லாம் தப்பினால் புது மோகம் கொண்ட வாரிசு. பத்மநாபபுரம் இந்த நான்கிலிருந்தும் தப்பியது. 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் கட்டத் தொடங்கியது என்று சொல்கிறார்கள். உள்ளே இருக்கும் தாய்க்கொட்டாரம் என்ற பகுதி அதற்கும் மூத்தது என்று ஒரு கணக்கு உண்டு. அதைச் சுற்றி ஒவ்வொரு ராஜாவும் தன் தேவைக்கு ஒரு கட்டு, ஒரு மாடி என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். மார்த்தாண்ட வர்மா காலத்தில், அதாவது 1729க்கும் 1758க்கும் இடையில், இன்று நாம் பார்க்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. 1750இல் அவர் திருவிதாங்கூர் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துவிட்டுத் தன்னைப் பத்மநாபதாசன் என்று சொல்லிக்கொண்டார். கல்குளம் என்ற ஊர் பத்மநாபபுரம் ஆனதும் அப்படித்தான்.

பிறகு 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனது. கொட்டாரம் பிழைத்ததற்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு. தலைநகர் இங்கேயே இருந்திருந்தால் அடுத்த நூறு ஆண்டில் யாராவது ஒரு மகாராஜா ஐரோப்பாக் கண்ணாடியும் குவிமாடமும் வைத்துப் புதிதாகக் கட்டியிருப்பார். பணமும் ஆசையும் வடக்கே போய்விட்டதால் மரம் மரமாகவே நின்றுவிட்டது.

இனி உள்ளே. நுழைந்ததும் பூமுகம், அதாவது முகப்பு மண்டபம். அங்கேயே பாதிப்பேர் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள், நீங்கள் நில்லுங்கள். மேலே மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. "ஒரே மாதிரி இரண்டு கண்டுபிடித்தால் ஐஸ்கிரீம்" என்று பிள்ளைகளிடம் பந்தயம் கட்டுங்கள். ஐஸ்கிரீம் செலவு உங்களுக்கு மிச்சம். அங்கேயே ஒரு பித்தளைத் தூக்கு விளக்கு தொங்கும், குதிரை மேல் ஆள் இருக்கும் உருவத்தோடு. எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அந்தப் பக்கமே பார்த்து நிற்கும். ஆடாது, தானாகத் திரும்பிவராது. சங்கிலியின் கண்ணிகளைக் கோத்த விதத்தில்தான் சூட்சுமம். இதையெல்லாம் தொட விடமாட்டார்கள், ஆனால் கீழே நின்று சங்கிலியை மட்டும் பாருங்கள். கருங்கல் கட்டில் ஒன்றும், சீனர்கள் கொடுத்ததாகச் சொல்லும் நாற்காலியும், சுவரில் ஓணவில்லு என்ற அலங்கார வில்களும் அங்கேதான்.

பூமுகத்திலிருந்து குறுகலான மரப்படி ஏறினால் மந்திரசாலை. ராஜா அமைச்சர்களோடு ஆலோசித்த இடம். தோழி சொன்ன இருட்டு இதுதான் என்று நினைக்கிறேன். அந்த இருட்டைத் திட்டம் போட்டுச் செய்திருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, நடுவில் கொளுத்தும் வெயில். அதற்காக ஓட்டுக்கூரையை நன்றாகத் தாழ இறக்கி, சன்னலில் அபிரகத் (மைக்கா) தகடுகளும் சாய்வாக அடுக்கிய மரச்சட்டங்களும் வைத்தார்கள். சன்னலோரத்துத் திண்ணைப் பலகை அருகில் குனிந்து, உட்கார்ந்தவர் கண் உயரத்திலிருந்து வெளியே பாருங்கள். முற்றத்தில் நடமாடுகிறவர்கள் தலை முதல் கால்வரை தெரிவார்கள். பிறகு முற்றத்துக்கு இறங்கி வந்து அதே சன்னலை அண்ணாந்து பாருங்கள், உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. காற்று வரும், வெளிச்சம் வடிகட்டி வரும், வேவு பார்க்கிறவன் கண் மட்டும் உள்ளே வராது. மே மாதத்து உச்சி வெயிலிலும் அந்த அறையில் வியர்க்காது. எங்கள் வீட்டு ஏசி அறையில் கிடைக்காத குளிர்ச்சி அது, கரண்டுக் கட்டணமும் கிடையாது.

மந்திரசாலைத் தரையை விட்டுவிடாதீர்கள். கறுப்பாகப் பளபளக்கும், உங்கள் முகம் தெரியும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்தது என்று பணியாளர்கள் சொல்வார்கள்.

ஊட்டுப்புரை சாப்பாடு போட்ட நீளமான இரண்டு மாடிக் கூடம், மணிமாளிகையில் பழங்காலக் கடிகாரம். இவற்றில் அதிகம் நிற்க வேண்டாம். நேரத்தைத் தாய்க்கொட்டாரத்துக்குச் சேமித்து வையுங்கள்.

தாய்க்கொட்டாரம் ஒரு நாலுகெட்டு. நடுவில் முற்றம், நான்கு பக்கமும் தாழ்வாரம், மூலையில் ஏகாந்த மண்டபம். அங்கே ஒரு பலாமரத் தூண் இருக்கிறது. அடியிலிருந்து தலைவரை பூவும் கொடியும். கைப்பிடி அளவு இடத்தைக்கூட உளி தொடாமல் விட்டதில்லை. பலாவில் நுணுக்க வேலை செய்வது எளிதல்ல. பால் வற்ற நன்றாக உலர விட வேண்டும், அவசரப்பட்டால் வேலை முடிந்த பிறகு வெடித்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அப்பா அந்தத் தூணை ஒருமுறை சுற்றி வந்துவிட்டு, "இந்த வேலைக்கு இன்றைக்கு நியாயமான கூலி கேட்டால் என்னைப் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள்" என்பார். அந்தத் தூணைச் செய்தவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ராஜாக்கள் பெயர் மட்டும் பலகையில் வரிசையாக இருக்கிறது. அங்கிருந்து சாரோட்டுக் கொட்டாரம் என்ற இன்னொரு அரண்மனைவரை போகும் சுரங்க வழி உண்டு என்பார்கள். மூடிக் கிடக்கிறது, உங்கள் பையன் கேட்பான் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசியாக உப்பரிகை மாளிகை. கீழ்த்தளத்தில் கருவூலம். அதற்கு மேல் ராஜாவின் படுக்கையறை. அறுபத்து நான்கு வகை மூலிகை மரங்களால் செய்த கட்டில் அங்கே இருக்கிறது, டச்சுக்காரர்கள் கொடுத்தது என்பது வழக்கு. உச்சியில் இருப்பது பத்மநாபசுவாமிக்கு என்றே ஒதுக்கிய அறை. சுவர் முழுக்க ஓவியங்கள், சாமிக்கென்று ஒரு கட்டில், விளக்குகள். அந்த அறைக்குப் பொதுவாக விடுவதில்லை. கீழே பணம், நடுவில் ராஜா, மேலே சாமி. நாட்டைச் சாமிக்கு எழுதிவைத்த ராஜா எப்படி யோசித்தார் என்பதற்கு எந்தப் புத்தகமும் வேண்டாம், அந்தப் படிகளின் கீழே நின்றால் போதும்.

வைகைக்கரையான் அண்ணா, நாயக்கர் மகால் சபைக்குக் கட்டியது. வருகிறவன் மிரள வேண்டும், மிரட்டத்தான் செய்கிறது. பத்மநாபபுரம் குடியிருக்கக் கட்டியது. குனிந்து நுழைந்து, உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆகவே பண்ணையார் வீடு என்று நீங்கள் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை.

கல்லும் காரையும்

வேளிமலை ஐயா தரையைப் பற்றிச் சொன்னதில் ஒரு சேர்க்கை. நான் கட்டடக்கலை மாணவி. பத்மநாபபுரத்தை அளந்து வரைய எங்களை அழைத்துப் போனார்கள். முட்டை வெள்ளைக்கரு கதை காதில் விழுந்ததும் எல்லோரும் கோழியை எண்ண ஆரம்பித்துவிடுகிறோம், உழைப்பு பின்னால் போய்விடுகிறது. செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களிலும் சுண்ணாம்போடு முட்டை சேர்த்த பூச்சுதான். நன்றாக நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு, கடைசி அடுக்கு ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பளபளப்பு பாதிக்கு மேல் அந்தத் தேய்ப்பில்தான் வருகிறது. கறுப்பு நிறம் கரியிலிருந்து வருகிறது.

இன்னொன்று. நவராத்திரி மண்டபத்தைத் தவறவிடாதீர்கள். மரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் திடீரென்று கல்தூண்கள். அங்கேயும் தரை கண்ணாடி மாதிரி இருக்கும். ஓரத்தில் மரக் கிராதி போட்ட அறை இருக்கிறது. அரச குடும்பத்துப் பெண்கள் அதன் பின்னால் உட்கார்ந்து ஆட்டமும் பாட்டும் பார்த்திருக்கிறார்கள். நான் அந்தக் கிராதியின் பின்னால் நின்று பார்த்தேன். மேடையின் ஒரு துண்டு தெரிகிறது, அவ்வளவுதான்.

குழித்துறை டீச்சர்

தச்சர் மகன் எழுதியதில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. ஊட்டுப்புரையில் அதிகம் நிற்க வேண்டாம் என்றுவிட்டார். எட்டாம் வகுப்புப் பையன் வருகிறான் என்றால் நான் அங்கேதான் நிறுத்துவேன்.

ஒரு தளத்துக்கு ஆயிரம் பேர் என்று இரண்டு தளத்திலும் இரண்டாயிரம் பிராமணர்களுக்கு ஒரே நேரத்தில் சாப்பாடு போடக்கூடிய கூடம் அது. ஊறுகாய் வைத்த பெரிய சீனப் பரணிகள் இன்றும் இருக்கின்றன. எல்லோரும் பரணியோடு படம் எடுத்துக்கொள்வார்கள். என் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் கேட்கும் கேள்வி வேறு. இரண்டாயிரம் இலைக்கு நெல் எங்கிருந்து வந்தது? குத்தியவர் யார்? அவர்களில் யார் இந்தக் கூடத்துக்குள் கால் வைத்திருக்க முடியும்? அரண்மனையைச் சுற்றிய கோட்டைக்கு வெளியே இதே கல்குளம், விளவங்கோடு பக்கத்தில்தான் தோள்சீலைப் போராட்டம் நடந்தது. மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் 1820களிலிருந்து அடிபட்டுப் போராடினார்கள். 1859இல்தான் மகாராஜாவின் அறிவிப்பு வந்தது, அதுவும் உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. என் பாட்டியின் பாட்டி காலம், தூரத்துச் சரித்திரம் அல்ல. கொட்டாரத்தின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பலாத்தூண் எனக்கும் பிடிக்கும்.

பையனுக்குப் போர்க்கதை பிடிக்கும் என்றால் திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையில் இறங்குங்கள், நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையைத் தோற்கடித்தார். பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். கைதியாக வந்தவர், அதே ராஜாவின் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்துத் தளபதி ஆனார். 1777இல் இறந்தார். கோட்டைக்குள் கூரை இல்லாத பழைய தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும் இருக்கும். பையனைத் தமிழ் எழுத்துகளைப் படிக்கச் சொல்லுங்கள், திணறுவான், சுவாரசியமாக இருக்கும்.

இதே டிலனாயின் பழக்கத்தால்தான் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் வத்திக்கானில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். நீங்கள் நடக்கப்போகும் தரையில் நடந்து வேலை பார்த்தவர் அவர். பத்மநாபபுரம் கோட்டைக்குள்ளேயே நீலகண்டசுவாமி கோயில், தக்கலையில் பீர் முகம்மது அப்பா தர்கா. தத்துவப் பாடல்களைத் தமிழில் பாடிய சூஃபி அவர். பக்கம் பக்கமாக இத்தனையும் இருக்கும் ஊரை அருவிக்காகத் தாண்டிப்போகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அருவி எங்கும் ஓடிவிடாது.

வைகைக்கரையான்

டீச்சர், அருவியைச் சொன்னதற்கு மன்னிக்கவும். அந்த டிலனாய் கல்லறை எனக்குத் தெரியவே தெரியாது. நெடுஞ்சாலை ஓரம் என்கிறீர்கள், பஸ்ஸில் தாண்டித்தான் போயிருக்கிறேன். ஆனால் நிலை விஷயத்தில் என் கட்சி மாறாது. குள்ளமான நிலை குள்ளமான நிலைதான்.

சைதைவாசி

இத்தனை பதில்களை எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். "கீழே பணம், நடுவில் ராஜா, மேலே சாமி" என்ற இடத்தில் சிரித்துவிட்டார், பாதி ஜெயித்துவிட்டேன். டீச்சரின் கேள்விகளைப் பையனுக்கென்று தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

மீதி இருப்பது அம்மா. முழங்கால் வலி. மெதுவாக நடப்பார், செங்குத்துப் படி என்றால் சிரமம். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நாங்கள் மட்டும் போவதில் எனக்கு விருப்பமில்லை. திங்கட்கிழமை எத்தனை மணிக்கு அங்கே இருந்தால் நல்லது? சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம்? நவராத்திரி நேரமாக இருக்குமே, கூட்டம் இருக்குமா?

வேளிமலை அடிவாரம்

சகோதரி, முதலில் திட்டத்தை மாற்றுங்கள். திங்கட்கிழமை கொட்டாரத்துக்கு வார விடுமுறை. சுசீந்திரத்தைத் திங்களுக்கு மாற்றிவிட்டு, கொட்டாரத்தைச் செவ்வாய் காலைக்கு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையை நானே தவிர்ப்பேன். வரிசையில் முன்னால் நிற்பவர் முதுகைத்தான் பார்ப்பீர்கள்.

காலை ஒன்பது மணிக்குத் திறப்பார்கள். திறக்கும்போது அங்கே நில்லுங்கள். பள்ளிக்கூட பஸ்கள் வந்து சேர்வதற்குள் பூமுகத்தையும் மந்திரசாலையையும் நிதானமாகப் பார்த்துவிடலாம். மதியம் ஒரு மணிக்கு இடைவேளை விட்டுப் பிறகு திறப்பார்கள். பன்னிரண்டரைக்கு மேல் போய் நின்றால் பாதியில் அவசரப்படுத்துவார்கள். தோழி அரை மணியில் வெளியே வந்தது எப்படி என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு.

செருப்பை வாசலில் விட வேண்டும். அம்மா சாக்ஸ் போடும் பழக்கம் உள்ளவர் என்றால் அதையும் கழற்றச் சொல்லுங்கள். அந்தத் தரையிலும் மரப்படியிலும் சாக்ஸ் வழுக்கும், வெறுங்கால்தான் பிடிமானம். பார்வையாளர் பாதை ஒரே திசையில் போகும். மந்திரசாலைப் படிதான் முதல் சோதனை. என் மாமியாருக்கு முடியாமல் போனபோது அங்கிருந்த பணியாளரிடம் சொன்னோம், அவரே கீழ் வழியாக முற்றத்துக்கு அழைத்துப் போய் உட்காரவைத்தார். எல்லா நாளும் அப்படி முடியும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் டிக்கெட் வாங்கும் இடத்திலேயே அம்மாவின் முழங்காலைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். தாய்க்கொட்டாரமும் நவராத்திரி மண்டபமும் தரைமட்டத்தில்தான். அம்மா அவற்றைப் பார்த்தால் கொட்டாரத்தின் சாரத்தைப் பார்த்ததாகவே கணக்கு. உப்பரிகை மாளிகையின் மாடிகளை அவர் விட்டுவிடலாம்.

பணியாளர்கள் அங்கங்கே நின்று விளக்கம் சொல்வார்கள். மலையாளம் கலந்து பேசினால் திகைக்க வேண்டாம், தமிழில் சொல்லுங்கள் என்றால் சொல்வார்கள். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, கொட்டாரம் மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. நிலம் இவர்களது, சாவி அவர்களிடம். எங்கள் ஊர் டீக்கடைகளில் இதை வைத்து இன்றும் சண்டை நடக்கும். நான் அந்தச் சண்டையில் சேர்வதில்லை. ஓடு மாற்றுவதையும் மரத்துக்கு எண்ணெய் கொடுப்பதையும் பார்க்கிறேன், எனக்கு அது போதும்.

வெளியே அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. சிற்பங்கள், பழைய ஆயுதங்கள் இருக்கும். குற்றவாளிகளை அடைத்துத் தொங்கவிட்ட, ஆள் வடிவ இரும்புக்கூண்டும் உண்டு. நான்காம் வகுப்புப் பெண் கேள்வி கேட்பாள், பதிலை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

நவராத்திரியைப் பற்றிக் கேட்டீர்கள். விழா தொடங்குவதற்கு முன்பே கொட்டாரத்திலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதி யானை மேல் புறப்படுவாள். கம்பர் வழிபட்ட விக்கிரகம் என்பது ஐதீகம். கூடவே வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும். உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாளை எடுத்துக் கொடுக்கும் சடங்கு நடக்கும், கேரளத்திலிருந்து அமைச்சர்கள் வருவார்கள், இரண்டு மாநிலத்துப் போலீஸும் மரியாதை செலுத்தும். ஊர்வலம் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கித் திருவனந்தபுரம் போய்ச் சேரும். டீச்சர் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும் என்று நினைக்கிறேன். பஞ்சாங்கத்தைப் பார்த்து, புறப்படும் நாள் உங்கள் செவ்வாயாக அமைந்தால் கொட்டாரம் பார்க்க வராதீர்கள், ஊர்வலம் பார்க்க வாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்ய முடியாது, அவ்வளவு கூட்டம். விழாவின் மற்ற நாட்களில் சரஸ்வதி திருவனந்தபுரத்தில் இருப்பாள், இங்கே கூட்டம் குறைவாகவே இருக்கும்.

சாப்பாடு தக்கலையில் பார்த்துக்கொள்ளலாம். மீன் சாப்பிடுவீர்கள் என்றால் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கேளுங்கள். சைவம் என்றால் சோறும் எரிசேரியும். பிள்ளைகளுக்கு மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்குங்கள். விரல் நீளம்தான் இருக்கும், சென்னையில் அந்த மணத்தோடு கிடைக்காது. பிறகு உதயகிரிக்கோட்டை. அங்கே வனத்துறைப் பூங்கா இருப்பதால் அம்மா மரநிழலில் உட்கார்ந்திருக்க, நீங்கள் கல்லறையைப் பார்த்துவிட்டு வரலாம்.

ஒரே ஒரு வேலை பாக்கி. செவ்வாய் மாலை ரயிலுக்காக மறுபடி கன்னியாகுமரிக்கு ஓட வேண்டாம். பெட்டிகளைக் காலையிலேயே வண்டியில் ஏற்றிக்கொண்டு அறையைக் காலி செய்துவிடுங்கள். சென்னை ரயில் நாகர்கோவிலில் நிற்கும், உதயகிரியிலிருந்து அது பக்கம். டிக்கெட்டில் ஏறும் நிலையத்தை நாகர்கோவில் சந்திப்பு என்று முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். மாற்றாமல் அங்கே ஏறினால் படுக்கையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.